கேனரியை அன்றாட வேலைக்கு வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆண்ட்ராய்டு ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் கேனரி பதிப்பு, அதாவது இன்னும் சோதனையில் இருக்கும் முன்னோட்டப் பதிப்பு, கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று வருகிறது. வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பலர் அதைத்தான் முதலில் இறக்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் எங்கள் காலத்துக் கோளாறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. ‘பேக்கப் எடுங்கள்’ போன்ற தெரிந்த பாடத்தை விட்டுவிடுகிறேன்.

ஸ்டேபிளை அழித்துவிடுவது

சோதித்து முடித்து வெளியிடும் ஸ்டேபிள் பதிப்பு, கேனரி, இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். கேனரி தன் செட்டிங்ஸைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். இடம் போதவில்லையென்றால் பழைய எமுலேட்டர்களை அழியுங்கள்.

அப்கிரேடு கேட்டதும் சரி சொல்லி, அப்படியே புஷ் செய்வது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். கேனரியில் ப்ராஜெக்டைத் திறந்ததும், கோடை ஆப்பாக பில்ட் செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினைப் புதுப்பிக்கலாமே என்று அறிவிப்பு வரும். ஆர்வத்தில் அழுத்திவிடுவார்கள். பிளகின் ஆல்ஃபாவுக்கு, அதாவது அதன் சோதனைப் பதிப்புக்கு, போய்விடும். எந்த கிரேடில் பதிப்பில் பில்ட் செய்வது என்று சொல்லும் கிரேடில் ரேப்பரின் எண்ணும் பெரும்பாலும் மாறும். ஓரிரு வரிதான் என்பதால் ரிவ்யூவில் யார் கண்ணிலும் படாது.

எங்கள் குழுவில் ஒரு பையன் வெள்ளிக்கிழமை மாலை இப்படி எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளைக்குப் புஷ் செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். பில்ட் சர்வரில் எல்லாம் பச்சை. சர்வர் கமாண்ட் லைனில் பில்ட் செய்கிறது, யாரிடம் எந்த ஸ்டுடியோ இருக்கிறது என்பது அதற்கு எதற்கு? திங்கள் காலை புல் செய்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஸ்டேபிள் ஸ்டுடியோ, தான் அறிந்ததைவிடப் புதிய பிளகினைக் கண்டால் ப்ராஜெக்டை சிங்க் செய்ய, அதாவது அதன் பில்ட் கோப்புகளைப் படித்துத் தயாராக, மறுத்துவிடும். “என் மெஷின்ல ஓடுதே அண்ணா” என்றான் போனில். அவன் மெஷினில் ஓடத்தான் செய்யும்!

சரி, எல்லோரும் கேனரிக்கு மாறிவிட்டால்? ஆல்ஃபா விஷயத்தில் ஸ்டுடியோ இன்னும் கறார். அடுத்த கேனரிக்கு ஒருவர் போனால், பழைய ஆல்ஃபா பொருந்தாது என்று ப்ராஜெக்டையும் மாற்றச் சொல்லும். அப்புறம் மொத்தக் குழுவும் அவர் பின்னாலேயே ஓட வேண்டும். ரிவர்ட் செய்வது அன்றைக்கே என்றால் சுலபம். அதற்குள் யாராவது புதிய பிளகினில் மட்டும் இருக்கும் வசதியை பில்ட் கோப்பில் எழுதியிருந்தால், அதையும் தேடிப் பிடித்து எடுக்க வேண்டும். பெரிய எண் மாறும்போது ஜாவாவும் சேர்ந்து மாறலாம்: பிளகின் 7.0 ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 11 கேட்டது, 8.0 ஜேடிகே 17 கேட்டது.

இத்தனைக்கும் அந்த அப்கிரேடு தேவையே இல்லை. கடந்த சில வருடங்களில் வந்த ஸ்டேபிள் பிளகின்களைக் கேனரி ஒழுங்காகவே திறக்கும். எடிட்டர் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஆல்ஃபாவைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் தனியாக ஒரு குளோன் எடுத்து அங்கே விளையாடுங்கள். புஷ் செய்யுமுன் பிளகின் எண் இருக்கும் கோப்பையும் ரேப்பர் கோப்பையும் டிஃப்பில் ஒரு தடவை பாருங்கள்.

பிரிவியூ எஸ்டிகேயை டார்கெட்டாக வைத்து ரிலீஸ் தேதி சொல்வது

இன்னும் இறுதியாகாத ஆண்ட்ராய்டுக்கான எஸ்டிகே அது; அதை டார்கெட்டாக வைத்த ஆப்பைப் பிளே ஸ்டோர் ஏற்காது.

டெலிவரி வாரத்தில் கேனரியை அப்டேட் செய்வது

வேண்டாம்.

பிழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது

டீ குடிக்கும்போது புலம்பினால் கூகுளுக்குக் கேட்காது. ஹெல்ப் மெனுவில் சப்மிட் ஃபீட்பேக் இருக்கிறது. ‘வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரியில் அனுப்பாதீர்கள். பதிப்பு எண், லாக், என்ன செய்தால் பிழை வருகிறது என்ற விவரம், முடிந்தால் அதைக் காட்டும் குட்டி ப்ராஜெக்ட் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அலுவலக ப்ராஜெக்டையே ஜிப் செய்து இணைத்துவிட வேண்டாம். அதையும் ஒருவர் செய்யப் பார்த்தார்.