திரையில் வேண்டிய பகுதியை மட்டும் பிடித்துச் சேமிப்பது எப்படி?

கணினித் திரையைக் கைப்பேசியில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை எங்கள் தருமபுரிப் பக்கம் இன்னும் பார்க்கிறேன். படத்தில் கோடு கோடாக விழும், எண்கள் மங்கிப்போகும். நிலத்து எண் ஒன்று மாறினாலும் வம்புதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கான வசதி கூடவே வருகிறது.

பென்னாகரத்து நிலத்தின் கூட்டுப் பட்டாவை அரசுத் தளத்தில் திறந்திருக்கிறீர்கள். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஒரு புல எண்ணின் பரப்பு மட்டும் தெரிய வேண்டும். சரி, தொடங்கலாம்.

படி 1: அந்த வரி முழுதாகத் தெரியும்படி பக்கத்தை நகர்த்துங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள். பிடித்த பிறகு பெரிதாக்கினால் எழுத்து கலங்கும்.

படி 2: விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மங்கும். மேலே வரும் பட்டையில் செவ்வகத்தைத் தேர்ந்து, மவுஸால் அந்த வரியைச் சுற்றி இழுத்து விடுங்கள்.

படி 3: படம் இப்போது கிளிப்போர்டில் இருக்கிறது. வாட்ஸ்அப் வெப்பில் கன்ட்ரோல், வி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

பலரும் இதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் படத்தைத் தேடுகிறார்கள். கிளிப்போர்டு தற்காலிக இடம். மூலையில் எழும் அறிவிப்பைச் சொடுக்கித் திறந்து, கன்ட்ரோல், எஸ் அழுத்தி, ஊர்ப் பெயரும் புல எண்ணும் வைத்துச் சேமியுங்கள். இப்போதைய விண்டோஸ் 11 தானாகவே பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் போட்டு வைக்கும். ஆனால் பெயர் வெறும் தேதியும் நேரமுமாக இருக்கும். பிஎன்ஜி வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள், எழுத்து கூர்மையாக நிற்கும்.

இன்னொன்று, இதில் கறாராக இருங்கள். மற்ற பங்காளிகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் கட்டத்துக்குள் வரவே கூடாது. முழுத் திரையையும் பிடித்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வெட்டி அதே கோப்பில் சேமித்தாலும் நீக்கிய பகுதியை மீட்டெடுக்க இடம் தந்த ஒரு குறை இந்தக் கருவியிலேயே இருந்தது. 2023 மார்ச்சில்தான் மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது. ஹைலைட்டர் மையால் மறைப்பதும் பயன்படாது, அடியில் இருப்பது தெரியும்.

தாலுகா அலுவலகத்தில் கொடுக்க இந்தப் படம் உதவாது. அதற்குத் தளத்திலிருந்து பட்டாவை முழுதாகத் தரவிறக்கி அச்செடுங்கள்.