வலீரியாவும் ரோமும்: இரண்டு பேரரசுகளின் வளர்ச்சியை ஒப்பிடுவது எப்படி?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை உலகத்தில் வரும் வலீரியா என்ற பேரரசைப் படிக்கும்போது ரோம் நினைவுக்கு வரும். அம்பு விட்டமாதிரி நேரான சாலைகள், ராஜா இல்லாத ஆட்சி, எதிரியின் தலைநகரைத் தரைமட்டமாக்கியது என்று எல்லாம் பொருந்தும். வளர்ந்த விதம் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு.

1. காலத்தை வெட்டுங்கள்

ரோமுக்கு கி.மு. 338 முதல் 146 வரை போதும். பக்கத்து லத்தீன் ஊர்களை அடக்கியதில் தொடங்கி, வட ஆப்பிரிக்காவில் இருந்த எதிரி நகரமான கார்த்தேஜை அழித்ததோடு நிறுத்துங்கள். வலீரியாவுக்கு டிராகன்கள் கிடைத்ததிலிருந்து அதன் எதிரியான பழைய கிஸ் நகரம் விழும்வரை. எக்செல் வேண்டாம், ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு பக்கம் ரோம், மறுபக்கம் வலீரியா என்று எழுதினால் போதும். கட்டங்கள் இருந்தால் எதையாவது போட்டு நிரப்பத்தான் தோன்றும்.

2. போர்களை எழுதுங்கள்

கார்த்தேஜோடு 3, கிஸ்ஸோடு 5. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

3. பலம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஆயுதத்துக்கு ஆயுதம் கோடு போட்டு இணைக்காதீர்கள். லீஜியன் என்பது ரோமின் படைப்பிரிவு, ஆனால் மார்ட்டினின் கதையில் லீஜியன் படைகள் இருப்பது தோற்றுப்போன கிஸ்ஸிடம். லீஜியனுக்கு லீஜியன் என்று இணைத்தால் கிஸ்தான் ரோம் ஆகிவிடும்!

அதற்குப் பதில் ஒரே கேள்வி கேளுங்கள்: ஜெயித்த ஊரை இவர்கள் என்ன செய்தார்கள்?

கி.மு. 338-க்குப் பின் ரோம் தன்னிடம் தோற்ற ஊர்களில் சிலவற்றுக்கு முழுக் குடியுரிமையும், சிலவற்றுக்கு ஓட்டில்லாக் குடியுரிமையும் தந்தது. மற்றவற்றோடு உடன்படிக்கை போட்டது. நேச ஊர்களிடம் கப்பம் கேட்கவில்லை, போருக்கு ஆள் கேட்டது. அதன் பலன் கி.மு. 216-ல் கார்த்தேஜின் தளபதி ஹனிபலிடம் கன்னே போரில் தோற்ற பிறகு தெரிந்தது. பழங்கால வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குப்படி அன்று ஒரே நாளில் ரோமின் தரப்பில் செத்தவர்கள் சுமார் 70,000 பேர். இன்னொரு வரலாற்றாசிரியர் லிவியின் கணக்கு 50,000-க்குச் சற்றுக் குறைவு. இத்தாலியில் கப்புவா போன்ற பெரிய ஊரே ஹனிபல் பக்கம் போனது. ஆனாலும் ரோம் சமாதானம் பேசவில்லை, மறுபடியும் படை திரட்டியது.

வலீரியாவிடம் தோற்றவர்கள் அடிமைகளாக எரிமலைச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே பலம் என்றால் டிராகனும் அதில் ஏறும் குடும்பங்களும்தான். ஜெயித்த ஊர் ரோமுக்கு அடுத்த படை, வலீரியாவுக்கு அடுத்த சுரங்கத்துக்கான கூலியில்லா ஆள். உங்கள் தாளில் இந்த ஒரு வரிக்குத்தான் அடிக்கோடு.

4. உப்புக் கதையை அடித்துவிடுங்கள்

கிஸ்ஸின் வயல்களில் உப்பு தூவியதாகக் கதை சொல்கிறது. கார்த்தேஜிலும் தூவினார்கள் என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள். ஆனால் பழங்கால ஆசிரியர் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. சந்தேகம் வந்தால் பொலிபியஸையே புரட்டுங்கள். லாக்கஸ் குர்ஷியஸ் தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசம்.

பின்சேர்க்கை: ரோமிடமும் அடிமைச் சுரங்கம் இருந்ததே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் என்ற நகரத்துக்குப் பக்கத்து வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்ததாகவும், ரோமுக்குத் தினமும் 25,000 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) வந்ததாகவும் பொலிபியஸ் சொன்னதைப் பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எடுத்தெழுதியிருக்கிறார். அந்த நகரத்தை ரோமின் தளபதி ஸ்கிப்பியோ பிடித்தது கி.மு. 209-ல். ரோம் பக்கத்தில் அந்த வருடத்துக்குக் கீழே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளின் இரண்டு பக்கங்களும் நெருங்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.