இடுப்பில் கட்டும் கருவிப் பட்டை: வாங்கும்போதும் கட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல பைகள் கொண்ட இடுப்புப் பட்டையும், மணிக்கட்டில் அணியும் காந்தப் பட்டையும் இப்போது மதுரையின் ஹார்டுவேர் கடைகளில் முகப்பிலேயே தொங்குகின்றன. ரெக்சின் பையிலும், பழைய பெயிண்ட் வாளியிலும், சாக்கைத் தைத்த பையிலும் கருவிகளைக் கொண்டுபோய்ப் பழகிய தொழிலாளர்கள் பலர் ஆசையோடு இதை வாங்கினார்கள்; அவர்களில் சிலர் ஓரிரு மாதங்களிலேயே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்கள். திருநகர், வில்லாபுரம், ஆனையூர்ப் பக்கங்களில் வயரிங் வேலை எடுத்துச் செய்பவன் நான். ஒரே கட்டடத்தில் என்னோடு வேலை பார்க்கும் கொத்தனார்கள், ஆசாரிகள், பிளம்பர்கள், டைல்ஸ் ஒட்டுபவர்கள் ஆகியோரிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டபோது, அவர்கள் கூறிய குறைகளில் பெரும்பாலானவை தமது வேலைக்குப் பொருந்தாததை வாங்கியதிலும், தவறான முறையில் கட்டியதிலும் வந்து முடிந்தன.

முதல் தவறு, தொழில் எதுவானாலும் இந்தப் பட்டை பயன்படும் என்று நம்புவது. கடைக்கு வரும் பட்டைகளில் பல, மரச்சட்டங்களால் வீடு கட்டும் நாடுகளின் தச்சர்களை மனத்தில் வைத்து உருவான வடிவங்கள். நாள் முழுவதும் நின்றபடி ஆணி அடிக்கும் அவர்களுக்குத் தொடைக்கு முன்னால் இரண்டு பெரிய ஆணிப் பைகள் தேவைப்படுகின்றன. நம் ஊரில் வீடு செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு எழுகிறது. வேலையில் பாதி குத்தவைத்து உட்கார்ந்து நடக்கிறது. வயதில் மூத்த கொத்தனார் ஒருவர் என்னிடம், “உக்காந்தா தொடையில குத்துது தம்பி, எந்திரிச்சா கைலி நழுவுது” என்றார். இதைவிடத் துல்லியமான மதிப்பீட்டை நான் கேட்டதில்லை. கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், மட்டப்பலகை ஆகியவற்றில் பாதி, பட்டையில் அடங்காத நீளம் கொண்டவை. ஈரச் சிமெண்ட் ஒட்டிய கரண்டியைத் தோல் பையில் செருகினால் தோலும் கெடும். கொத்தனாருக்கும், டைல்ஸ் ஒட்டுபவருக்கும், சிங்க்குக்கு அடியில் படுத்து வேலை செய்யும் பிளம்பருக்கும், வாளியைச் சுற்றி மாட்டும் பைகளே ஏற்றவை. ஏணியிலும் ஸ்டூலிலும் நின்று வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், ஃபால்ஸ் சீலிங் போடுபவர் ஆகியோருக்குத்தான் இடுப்புப் பட்டையின் முழுப் பலன் கிடைக்கும். வாங்கும் முன் கடையிலேயே அதைக் கட்டி, ஒரு முறை குத்தவைத்து உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

அடுத்ததை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நானே அதைச் செய்து வருந்தியிருக்கிறேன். பத்துப் பை இருக்கிறது என்பதற்காகப் பத்துப் பையையும் நிரப்பக் கூடாது. அரைக் கிலோ சுத்தியல், கட்டிங் பிளேயர், இரண்டு மூன்று ஸ்க்ரூ டிரைவர், 5 மீட்டர் டேப், ஒரு கிலோவை ஒட்டிய பேட்டரி டிரில், கைநிறைய ஸ்க்ரூ என்று சேர்த்துக்கொண்டே போனால், தனித்தனியாகக் கனம் தெரியாத பொருள்கள் சேர்ந்து பெரும் சுமையாகிவிடும். என் பட்டையைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தபோது ஆறு கிலோவைத் தாண்டியிருந்தது. அந்த ஆறு கிலோவில் பெரும்பகுதியை வலப்பக்கமே தொங்கவிட்டு ஒரு வாரம் வேலை பார்த்ததில், இடது இடுப்பில் தொடங்கிய வலி முதுகுக்கு ஏறியது. உடல் சாயாமல் நிற்பதற்காக மறுபக்கத் தசைகள் நாள் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். இப்போது ஏணி ஏறும் முன், மேலே செய்யப்போகும் வேலைக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்து இரு பக்கமும் பிரித்து வைக்கிறேன். மற்றவை கீழே பையில் கிடக்கும். கனம் தவிர்க்க முடியாதது என்றால், தோளுக்கு வார் உள்ள, அகலமான, உள்ளே மெத்தை வைத்த பட்டையை வாங்குவது நல்லது. மெல்லிய பட்டை கனத்தை எல்லாம் ஒரே கோட்டில் அழுத்தும். சித்திரை, வைகாசி வெயிலில் வேர்வையும் சேரும்போது இடுப்பில் தோல் உரிந்துவிடும்.

கருவிகளை எங்கே வைக்கிறோம் என்பதும் எடையைப் போலவே முக்கியம். முதுகெலும்புக்கு நேர் பின்னால் சுத்தியலோ ஸ்பேனரோ இருந்தால், மல்லாந்து விழ நேரும்போது அடி அந்த இரும்பின் மேல்தான் விழும். கூர்முனை மேலே தெரியும்படி டெஸ்டரையும் உளியையும் செருகுவதும் அப்படிப்பட்ட ஆபத்துதான். ஆசாரிமார் உளிக்கு உறை போட்டுப் பழகியிருப்பதால் இந்தத் தவறைச் செய்வதில்லை. பட்டையின் கொக்கியைச் சோதிக்காமல் மேலே ஏறுவது இன்னொன்று. ஒரு முறை முதல் மாடிச் சன்ஷேடில் நான் நின்றிருந்தபோது கொக்கி தானாக விடுபட்டு, கட்டிங் பிளேயர் கீழே விழுந்தது. நல்ல வேளையாக அங்கே யாரும் இல்லை. ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். அன்று முதல், உயரத்தில் பயன்படுத்தும் கருவிகளைச் சிறு கயிறுகளால் பட்டையோடு பிணைத்துக்கொள்கிறேன்.

இதைவிடக் கொடிய குழப்பம் ஒன்றையும் நேரில் கண்டேன். சவுக்குக் கம்பால் கட்டிய சாரத்தில் நின்ற இளைஞர் ஒருவர், கருவிப் பட்டையின் வளையத்தில் கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையைக் கம்பில் முடிந்திருந்தார். கருவிப் பட்டை ஆளைத் தாங்குவதற்காகத் தைக்கப்பட்டது அன்று. விழும் உடலின் இழுப்பு உடலின் எடையைப் போலப் பல மடங்கு. அதில் தையல் பிரிந்துவிடும், பிரியாவிட்டாலும் வயிற்றைச் சுற்றிய பட்டை உள்ளுறுப்புகளை நசுக்கிவிடும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பாதுகாப்பு வாரை அணிந்து, அதன் மேல்தான் கருவிப் பட்டையைக் கட்ட வேண்டும். சாரத்தில் ஏறுபவர்கள், கயிற்று முடிச்சிலும் கம்பு முனையிலும் மாட்டிக்கொள்ளும் தொங்கல் வளையங்களை உள்ளே மடித்துக் கட்டிவிடுவதும் நல்லது.

மணிக்கட்டுக் காந்தப் பட்டையைப் பொறுத்தவரை, எல்லா ஸ்க்ரூவும் அதில் ஒட்டும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் பலர். இரும்புதான் ஒட்டும். பித்தளை ஒட்டாது, செம்பும் அலுமினியமும் ஒட்டா, சமையலறை வேலைகளில் அதிகம் பயன்படும் 304 வகை எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூவும் பெரும்பாலும் நழுவிவிடும். ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள் பயன்படுத்தும் கறுப்பு ஸ்க்ரூ நன்றாக ஒட்டும் என்பதால் அவர்கள் மட்டும் இதை மனதாரப் பாராட்டுகிறார்கள். எலெக்ட்ரீஷியன்களுக்கு நான் கூறுவது ஒன்றே: வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டிக்குள் கையை நுழைக்கும் முன் இதைக் கழற்றிவிடுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும், அதற்கு மின்சாரம் வந்து சேரும் பக்கத்தில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பில் ஃபேஸுகளுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். அங்கே பட்டையிலிருந்து ஒரு ஸ்க்ரூ விழுந்தால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். டிரில் போடும்போது பறக்கும் இரும்புத் தூளும் காந்தத்தில் படிந்து ஸ்விட்சுக்குள் போய்விடும். இன்சுலேஷன் டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்தால் தூள் வந்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டையை அணியவே கூடாது.

கடைசியாக ஒன்று, திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் தினமும் வண்டியில் வருபவர்களுக்கு. பட்டையைக் கட்டியபடியே டி.வி.எஸ். எக்ஸெல் ஓட்டி வருவது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் வண்டி சரிந்தால் இடுப்புக்கும் சாலைக்கும் நடுவில் சிக்குவது அந்த இரும்புக் கருவிகளாகவே இருக்கும். ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எக்ஸெல் வண்டியில் கால் வைக்கும் இடத்துக்கு மேல் உள்ள சமதளத்தில், பைக்குள் போட்டுக் கயிற்றால் கட்டி வைத்து, வேலையிடத்தில் வண்டியை நிறுத்திய பிறகு பட்டையை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்.