தலைவர் இல்லாத குழுவில் முடிவெடுக்கும் முறையைச் சரிசெய்த என் அனுபவம்

சிங்கப்பூரில் ஈசூன், ஜூரோங், பிடோக் என வெவ்வேறு வட்டாரங்களில் இருந்தபடி, இணையவழியே தமிழ்ச் சிறுவர் கதைகளுக்கு ஒலிப்பதிவு செய்யும் எங்கள் தன்னார்வக் குழுவுக்குத் தலைவர் கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்றிருந்ததால், ஒருவர் பதில் எழுதாவிட்டால்கூட வேலை வாரக்கணக்கில் நின்றது. மனம் சலித்து இருவர் விலகியது எனக்கு இன்றும் வருத்தம்.

மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதும், வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பதும் தன்னார்வலர்கள் கூடி மென்பொருள் உருவாக்கும் அமைப்பான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் வழக்கம் என்று அறிந்து, அவற்றை எங்களுக்கு ஏற்றவாறு இணைத்தேன். முன்மொழிவை எழுதிய 72 மணி நேரத்துக்குள் காரணத்தோடு மறுப்பு வராவிட்டால், முன்மொழிந்தவரே வேலையைத் தொடங்கலாம். பணச் செலவுக்கும் உறுப்பினரை நீக்குவதற்கும் மட்டும் வெளிப்படையான வாக்கு வேண்டும். அவற்றில் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அநியாயம் என்றே கருதுகிறேன். தீபாவளி வாரத்தில் மட்டும் இந்தக் கெடுவை நிறுத்திவைக்கிறோம்.