பெயின்ட் ஃபினிஷ்: மும்பை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறத்துக்காக ஷேட் கார்டை நாள் கணக்கில் புரட்டுகிறோம். ஃபினிஷை, அதாவது காய்ந்த பெயின்ட் எவ்வளவு பளபளக்க வேண்டும் என்பதை மட்டும், பெயின்டர் கையில் விட்டுவிடுகிறோம். “நல்ல பெயின்ட்டா போடுங்க” என்று சொன்னால், பளபளப்பானதைக் கேட்கிறார்கள் என்றே அவர் எடுத்துக்கொள்வார். பளபளப்புக்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெயின்ட்டில் பிசின் கூடுதலாக இருந்தால் (நன்றாகப் பளபளப்பது கிளாஸ், மிதமாக மினுங்குவது செமி கிளாஸ், சாட்டின்) காய்ந்த படலம் வழுவழுப்பாக இருக்கும், கறை உள்ளே இறங்காது, துடைத்தால் போய்விடும். தூள் கூடுதலாக இருந்தால் (பளபளப்பே இல்லாத மேட்) மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு ஒளியைச் சிதறடிக்கும். சுவரின் மேடு பள்ளம் கண்ணில் படாது, ஆனால் எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு சுவருக்கும் மூன்று கேள்விகள்: அதன்மேல் என்ன படும்? எவ்வளவு சமமாக இருக்கிறது? உள்ளே ஈரம் இருக்கிறதா?

மூன்றாவதைத்தான் மும்பையில் பலரும் கேட்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கிற மழை, மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்களை நனைத்துக்கொண்டே இருக்கும். மழை நின்ற மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாக வெளியேறப் பார்க்கும்போது மேலே கிளாஸ் எனாமலோ (கதவு, கிரில்லுக்கு அடிக்கும் கடினமான பெயின்ட்) கெட்டியான சாட்டினோ இருந்தால், கொப்புளம் கிளம்பி உரியும். அதே சுவரில் மேட் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) இருந்தால் ஓரளவு தாங்கும். அதுவும் தற்காலிகம்தான்.

சோதிப்பது சுலபம். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. மாடி வீட்டுக் குளியலறைக் கசிவா, வெளிச்சுவர் விரிசலா என்று பார்த்து, கட்டடத்தின் ஹவுசிங் சொசைட்டி மூலம் அதைச் சரிசெய்த பிறகுதான் பெயின்ட். வெள்ளைத்தூளாக உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டாமல் அதன்மேல் அடித்தால் எந்த விலைப் பெயின்ட்டும் நிற்காது. கணபதி பண்டிகைக்கு முன் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கொட்டும் மழையில் வேலையைத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டது. அக்டோபர் வெயிலில் சில வாரம் காய விட்டு, தீபாவளிக்கோ அதற்குப் பிறகோ அடிப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது சமமில்லாத சுவர். செம்பூர், மாட்டுங்காவில் பழைய கட்டடங்கள் பலவற்றில் பூச்சு அலை அலையாக இருக்கும். இரவில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் அங்கே பளபளப்பு வேண்டாம். சுவரைச் சமப்படுத்தும் பட்டியை (புட்டி) இரண்டு மெல்லிய கோட்டாகப் போட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது உதவும். ஆழமான பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினால் விரிசல் விடும், அதற்குச் சிமென்ட் பூச்சுதான். ஹால் சீலிங்குக்கு எப்போதும் மேட். பால்கனி வெளிச்சம் அதன்மேல் சாய்வாக விழுவதால் சின்ன ஒட்டுவேலையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சமையலறையில் கதை நேர்மாறு. ‘ஒன் ரூம் கிச்சன்’ வீடுகளில் ஹாலுக்கு அடித்த மேட்டையே சமையலறைக்கும் இழுத்துவிடுகிறார்கள். தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய் டைல்ஸுக்கு மேலே ஏறி மேட்டுக்குள் இறங்கும். துடைக்கத் துடைக்கக் கறை பரவும், தேய்த்த இடம் மட்டும் திட்டாக மினுங்கும். இங்கே சாட்டின் அல்லது செமி கிளாஸ். பழைய பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடித்தால் அதுவும் பிடிக்காது. பூஜை மாடத்தில் விளக்குப் புகைக்கும் இதே கணக்கு. நிலைப்படியில் மஞ்சள் தடவுகிற வீடு என்றால் அங்கே எனாமல் போடுங்கள். மேட்டில் இறங்கிய மஞ்சள் கழுவினால் போகாது, வெயில் பட்டால்தான் மெல்ல வெளுக்கும். வீட்டுக்குள் அந்த வெயில் ஏது?

சீலிங்குக்கு மேட் என்ற விதி குளியலறைக்குப் பொருந்தாது. பூஞ்சையை எதிர்க்கும் சாட்டின் எமல்ஷன் அங்கே சரி. ஏற்கெனவே கறுப்புப் பூஞ்சை இருந்தால் அதை மறைத்து அடிக்காதீர்கள், திரும்பி வரும். திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, 15 நிமிடம் விட்டுக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். ஆசிட்டோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

பழைய எனாமல் சுவர்மேல் நேரடியாக எமல்ஷன் அடிப்பது இன்னொரு தவறு. பாளம் பாளமாக உரிந்து வரும். எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஓரமாகத் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் எமல்ஷன். வராவிட்டால் எனாமலாக இருக்கலாம்: 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பெயின்ட் பிடிப்பதற்கான அடிக்கோட்டான ப்ரைமர் அடித்த பிறகே மேல் கோட். புதுச் சிமென்ட் பூச்சின்மேல் எண்ணெய் எனாமலைப் போட்டால் சிமென்ட்டில் உள்ள காரம் (அல்கலி) அதைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். மரக் கதவுக்கு வெள்ளை எண்ணெய் எனாமல் வேண்டாம், இருட்டான மூலையில் மஞ்சளித்துப்போகும். நீரில் கரையும் எனாமல் அப்படி ஆகாது. ஜன்னல் கிரில்லுக்கு, கடல் காற்றை மறக்காமல், முதலில் துருவைச் சுரண்டி மெட்டல் ப்ரைமர்.

10க்கு 10 அறை, 9 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 360 சதுர அடி. ஒரு கதவு, ஒரு ஜன்னலைக் கழித்தால் சுமார் 320. பட்டி பார்த்த வழுவழுப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 முதல் 140 சதுர அடி வரும். மூன்று லிட்டர் பிடிக்கும். 4 லிட்டர் டப்பா வாங்கிவிடுங்கள், மீதி பின்னால் தேவைப்படும். சாட்டினில் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் திட்டுத் தெரியும். அந்தச் சுவரையே மூலைக்கு மூலை அடிக்க வேண்டும். மேட் என்றால் தொட்டு அடித்தாலும் பெரும்பாலும் கலந்துவிடும். பெயின்டர் கண்ணளவில் தண்ணீர் ஊற்றுவதையும் கவனியுங்கள்: டப்பாவில் போட்ட அளவைத் தாண்டினால் சாட்டினின் மினுமினுப்பும் துடைக்கும் தாங்கலும் குறையும். அடிக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓரம் சீக்கிரம் காய்ந்து ரோலர் கோடு விழும். அடித்து ஒரு மாதமாவது சுவரை அழுத்தித் துடைக்க வேண்டாம். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் படலம் முழுதாக இறுக அத்தனை நாள் ஆகும்.