டம்பெல், ரப்பர் பேண்ட், கேபிள்: எந்தப் பயிற்சிக்கு எது?

10 கிலோ டம்பெல்லும், 10 கிலோ இழுவிசை தரும் ரப்பர் பேண்டும் தசைக்கு ஒரே வேலையைக் கொடுப்பதில்லை. எத்தனை கிலோ என்பதோடு, அசைவின் எந்த இடத்தில் சுமை உச்சத்தைத் தொடுகிறது என்பதையும் பார்த்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நின்றபடி டம்பெல் கர்ல் (முழங்கையை மடக்கி எடையை உயர்த்தும் பயிற்சி) செய்யும்போது, கை தொங்கும் நிலையில் முழங்கை மூட்டின் மேல் திருப்புவிசை (மூட்டைச் சுழற்ற முயலும் விசை) ஏறக்குறைய இல்லை. முன்கை தரைக்கு இணையாக வரும்போது அது உச்சமடைகிறது. தொங்கும் நிலையிலிருந்து 30 டிகிரி மட்டும் உயர்த்தியிருக்கையில் அந்த உச்சத்தில் பாதிதான் இருக்கும். தொடக்கத்திலேயே தசைக்கு வேலை வேண்டுமென்றால், கேபிள் இயந்திரத்தில் (கப்பி வழியே செல்லும் கம்பிவடத்தால் எடை அடுக்கை இழுக்கும் கருவி) தாழ்வாக உள்ள கப்பியில் கேபிளை மாட்டி, அதற்கு முதுகு காட்டி நின்று, கையைச் சற்றுப் பின்னால் விட்டு இழுக்கலாம். நம் கர்லாக்கட்டையில் எடையின் பெரும்பகுதி பிடியிலிருந்து தள்ளி இருப்பதால், அதே எடையுள்ள டம்பெல்லைவிட அது மணிக்கட்டையும் தோளையும் கடுமையாகச் சோதிக்கும்.

ரப்பர் பேண்ட் நீள நீள இழுவிசை கூடும். சுமையுடன் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் இது பெரிதும் உதவும். ஏனெனில் தொடை தரைக்கு இணையாக இருக்கும் இடத்தில் திணறுபவர்கூட, நிமிரும் கடைசிப் பகுதியை எளிதாகக் கடந்துவிடுகிறார். வழக்கமாக 80 கிலோ தூக்குபவர் பார்பெல்லை (இரு முனைகளிலும் எடைத் தட்டுகள் மாட்டும் நீண்ட கம்பி) 65 கிலோவாகக் குறைத்து, தரையில் உறுதியாகப் பொருத்திய பேண்டுகளை அதன் இரு முனைகளிலும் மாட்டிக்கொள்ளட்டும். அவை அடியில் 5 கிலோவும் நிமிர்ந்த நிலையில் 20 கிலோவும் சேர்த்தால், மொத்தச் சுமை 70 கிலோவில் தொடங்கி 85 கிலோ வரை ஏறும். இழுவிசையை ஊகிக்க வேண்டாம். பயணப்பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசில் பேண்டை மாட்டி, அதே நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் போதும். பேண்ட் கீழ்நோக்கியும் விரைவாக இழுக்குமாதலால் நிதானமாக இறங்க வேண்டும். ரப்பரில் சிறு வெடிப்பு தென்பட்டாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

ஆனால் அடியிலேயே சிக்கிக்கொள்பவருக்கு நான் பேண்டைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவர் தடுமாறும் இடத்தில்தான் அது சுமையைக் குறைக்கிறது. வெறும் பார்பெல்லுடன் அடியில் இரண்டு விநாடி நிறுத்தி எழுவதே அவருக்கு ஏற்ற பயிற்சி. பளுதூக்கும் போட்டிக்குத் தயாராகிறவரும் பெரும்பாலான செட்களைப் பார்பெல்லிலேயே செய்ய வேண்டும். எந்த அசைவைப் பழகுகிறோமோ, வலு முதன்மையாக அதில்தான் கூடுகிறது.

இயந்திரங்களின் எடையை நேரடியாக ஒப்பிடக் கூடாது. 45 டிகிரி சாய்வுள்ள லெக் பிரஸ்ஸில் (சாய்ந்து அமர்ந்து கால்களால் எடையைத் தள்ளும் இயந்திரம்) 100 கிலோ ஏற்றினால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், கால் தள்ளுவது சுமார் 71 கிலோதான். நகரும் கப்பி ஒன்று சேர்ந்த கேபிள் இயந்திரத்தில் 40 கிலோ எடை அடுக்கு கைக்கு 20 கிலோவாகவே வரும். ஆகவே ஜிம் மாறும்போது குறிப்பேட்டில் எடையுடன் இயந்திரத்தின் அமைப்பையும் எழுதிக்கொண்டு, முதல் நாள் குறைந்த எடையில் தொடங்கிப் புதிய அளவைக் கண்டறிய வேண்டும்.