பல்லாங்குழி முதல் பரமபதம் வரை: சிறு குழந்தைகளோடு ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணில் கிடந்த பல்லாங்குழிப் பலகையைத் துடைத்து எடுத்து, 4 வயதுக் குழந்தையின் முன் வைத்து, அத்தனை விதிகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறோம். ஐந்தாவது நிமிடத்தில் குழந்தை முத்துகளை அள்ளி இறைக்கிறது. "இவனுக்குப் பொறுமையே இல்லை" என்று சொல்லிப் பலகையை மடக்கி மறுபடியும் பரணில் ஏற்றிவிடுகிறோம். குழந்தைகளோடு பலகை ஆட்டங்களை ஆடிப் பார்த்த பெரும்பாலான வீடுகளில் இது ஒருமுறையாவது நடந்திருக்கும். இதில் குழந்தையின் பிழை எதுவும் இல்லை. ஆட்டத்தை நாம் அறிமுகப்படுத்திய விதத்தில்தான் பிழை இருக்கிறது.

பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடு புலி ஆட்டம் ஆகியவை குழந்தையின் வளர்ச்சிக்கு உதவுகின்றன என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பலகையை வாங்கி வைப்பதால் மட்டும் அந்தப் பயன் வந்துவிடுவதில்லை. குழந்தையின் விரல் முத்தை எடுக்க வேண்டும், அதன் வாய் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், அடுத்தவர் ஆடி முடிக்கும்வரை அதன் கை தானாகக் காத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நாமே செய்துவிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்க்கும் வேலைதான். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பல, அன்பாலும் அவசரத்தாலும் பெரியவர்கள் குழந்தையின் வேலையைப் பறித்துக்கொள்வதால் நேர்பவை.

அவற்றுக்கு முன்னால் உயிரோடு தொடர்புடைய ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பல்லாங்குழிக்குப் பல வீடுகளில் குன்றிமணியைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பும் ஒரு முனையில் கறுப்பும் கொண்ட அந்த அழகான விதைக்குள் அப்ரின் என்னும் கடுமையான நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டியாக இருக்கும்வரை நஞ்சு எளிதில் வெளிவராது என்றாலும், குழந்தை அதைக் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மாலை கோப்பதற்காகத் துளையிட்ட குன்றிமணி இன்னும் ஆபத்தானது. முழுவதும் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, கறுப்புப் புள்ளியுள்ள குன்றிமணி வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய பையில் இருப்பது எதுவென்று பார்த்து, குன்றிமணியாக இருந்தால் குழந்தையின் கைக்கு எட்டாமல் அகற்றிவிடுங்கள்.

நஞ்சில்லாத புளியங்கொட்டையும் சோழியும்கூட 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றவை அல்ல. அந்த வயதில் எல்லாமே வாய்க்குத்தான் போகும். பொம்மைகளின் பாதுகாப்பைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் குறுக்களவு சுமார் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுமையாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் சிறு குழந்தைக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது. புளியங்கொட்டை அதைவிட மிகவும் சிறியது. ஆடிக்கொண்டிருந்த குழந்தை திடீரெனப் பலமாக இருமி, பிறகு இருமல் அடங்கிவிட்டாலும், விதை மூச்சுக்குழலுக்குள் போயிருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்கில் நுழைந்த விதையை வீட்டிலேயே குச்சியால் எடுக்க முயலக் கூடாது. 2 வயதுக் குழந்தைக்கு ஆறு கிண்ணங்களும் ஆறு எலுமிச்சம்பழங்களும் போதும். கிண்ணத்துக்கு ஒன்றாக அவற்றைப் போட்டுப் போட்டு எடுப்பதே அந்த வயதின் பல்லாங்குழி.

இனி விதிகளுக்கு வருகிறேன். முழு ஆட்டத்தையும் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 முத்து வைத்தால் 70 முத்துகள். ஒரு குழியிலிருந்து எல்லா முத்துகளையும் அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையிருப்பு தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்த குழியில் இருப்பது நமக்கு. இடையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த நான்கு விதிகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்துவது 4 வயதுக் குழந்தைக்கு இயலாத காரியம்.

முதல் சில நாட்களுக்கு, அள்ளிய முத்துகளைக் குழிக்கு ஒன்றாகப் போடுவது மட்டுமே ஆட்டமாக இருக்கட்டும். ஒரு குழிக்கு ஒரு முத்து, ஒரு முத்துக்கு ஓர் எண் என்ற பொருத்தம் குழந்தைக்குக் கைவருவது அப்போதுதான். உள்ளங்கையில் முத்துகளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒன்றை மட்டும் வெளியே தள்ளுவது சிறு கைக்கு எளிய வேலை அல்ல. பின்னாளில் பென்சில் பிடிக்கவும் பொத்தான் போடவும் இந்த விரல் பழக்கம்தான் உதவப்போகிறது. குழந்தை இரண்டு முத்துகளை ஒரே குழியில் போட்டுவிட்டால் உடனே கையைப் பிடித்துத் திருத்த வேண்டாம். கடைசியில் கணக்கு இடிக்கும்போது அதற்கே ஐயம் வரும். இது பழகிய பிறகு பசுவைச் சேர்க்கலாம். நான்கு முத்துகளை எண்ணாமலே, பார்த்த மாத்திரத்தில் "பசு!" என்று குழந்தை கத்தும் நாள் வரும். அளவைக் கண்ணாலேயே அறியும் அந்தத் திறனும் எண்ணறிவின் ஒரு பகுதிதான். வெறுங்குழிக்கு அடுத்த குழியை எடுத்துக்கொள்ளும் விதி அதற்குப் பிறகு வந்தால் போதும்.

தாயத்தில் இதே தவறு வேறு வடிவத்தில் வருகிறது. 0, 1, 2, 3 என்று புள்ளியிட்ட இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் 16 வகையாக விழலாம். கூட்டினால் ஒன்று வருவதே தாயம்; அவற்றில் இரண்டு மட்டுமே அப்படி விழும். அதாவது, சராசரியாக எட்டு முறை உருட்டினால்தான் ஒரு தாயம் விழும். அதுவரை காய் இறங்காது. நான்கு பேர் ஆடும்போது தன் முறை எட்டுத் தடவை வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காத்திருப்பு பெரியவர்களுக்கு ஆட்டத்தின் சுவையாக இருக்கலாம்; 5 வயதுக் குழந்தைக்கோ அது வெறும் தண்டனை. ஆகவே காயை முன்பே இறக்கி வைத்துத் தொடங்குங்கள், அல்லது எந்த எண் விழுந்தாலும் இறங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆறு காய்களுக்குப் பதிலாக இரண்டு போதும். வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்ற விதியையும் 7 வயதுவரை ஒத்திவைக்கலாம். இப்படிச் செய்தால் மரபு கெட்டுவிடாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆட்டத்தின் மேல் ஆசை வந்த குழந்தை முழு விதியையும் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பதே என் அனுபவம்.

நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்பும் தவறு எண்ணும் முறையில் இருக்கிறது. குழந்தை பகடையை உருட்டுகிறது, ஐந்து விழுகிறது, அது எண்ணத் தொடங்குவதற்குள் அப்பாவோ அக்காவோ, "ஐந்து, இதோ இங்கே" என்று காயை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். ஆட்டம் விரைவாக நகர்கிறது. ஆனால் எதற்காக ஆட உட்கார்ந்தோமோ அது நடக்காமலே போய்விடுகிறது.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருத்தமானது. அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த முன்பள்ளிக் குழந்தைகளை அவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 1 முதல் 10 வரை எண்கள் எழுதிய கட்டங்கள் நேர்வரிசையில் அமைந்த பலகையில் ஆடியது. மற்றொரு குழு அதே போன்ற பலகையில், எண்களுக்குப் பதிலாக வண்ணங்களை வைத்து ஆடியது. இரண்டு வாரங்களுக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எண் பலகையில் ஆடிய குழந்தைகளின் எண்ணறிவு உயர்ந்தது. 9 வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்த உயர்வு நிலைத்திருந்தது. வண்ணப் பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. பின்னர் 2014-இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரை எண்களுள்ள பலகையைக் கொண்டு செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. 24-ஆம் கட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு இரண்டு விழுந்தால் அது "ஒன்று, இரண்டு" என்று எண்ணலாம். "இருபத்தைந்து, இருபத்தாறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியும் நகரலாம். இரண்டாவது வகையில் எண்ணிய குழந்தைகளே கூடுதலாகக் கற்றார்கள்.

நம் வீட்டுப் பரமபதத்துக்கும் இது அப்படியே பொருந்தும். காய் நிற்கும் கட்டத்தின் எண்ணை முதலில் சொல்லி, பிறகு ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் உரக்கச் சொல்லியபடி காயை நகர்த்தக் குழந்தையைப் பழக்குங்கள். தொடக்கத்தில் அதனோடு சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள். காய் நிற்கும் கட்டத்தையே "ஒன்று" என்று தொட்டு எண்ணும் பிழை இதனாலேயே பெரும்பாலும் நீங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 100 கட்டப் பலகையில் முதல் வரிசை இடமிருந்து வலமாகவும் இரண்டாவது வரிசை வலமிருந்து இடமாகவும் செல்கிறது. இடமிருந்து வலமாக எழுதவும் படிக்கவும் அப்போதுதான் பழகிவரும் குழந்தை, 10-க்கு மேல் 11-ஐத் தேடித் தடுமாறுவது இயல்பு. அதைக் கண்டு "எண்கூடத் தெரியவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. 4 வயதில், ஒரு நீளத் தாளில் 1 முதல் 10 வரை நீங்களே கட்டம் போட்டு ஆடிவிட்டு, 6 வயதை ஒட்டிப் பெரிய பலகைக்குப் போவது நல்லது. தாயக்கட்டத்தில் எண்கள் எழுதப்படுவதில்லை. எனவே எண்வரிசையைக் கற்கத் தாயம் அவ்வளவாக உதவாது. ஆனால் ஒரு கட்டையில் இரண்டும் மற்றொன்றில் மூன்றும் விழுந்தால் ஐந்து என்று கூட்டிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல ஆட்டம் இல்லை. இரண்டு கட்டைகளிலும் புள்ளியில்லாத பக்கம் விழும்போது பன்னிரண்டு என்பது மட்டும் குழந்தையைச் சற்றுக் குழப்பும். அதை ஆட்டத்தின் வழக்கம் என்று சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது, தோல்வியைக் கையாளும் விதம். சில வீடுகளில் குழந்தை அழுமே என்று ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்கிறார்கள். சில வீடுகளில் "தோற்கப் பழக வேண்டும்" என்று 5 வயதுப் பிள்ளையை ஈவிரக்கமின்றித் தோற்கடித்து, அழுதால் கேலியும் செய்கிறார்கள். இரண்டும் தவறு என்றாலும், இரண்டாவது என்னை மிகவும் வருத்துகிறது. அழுகிற குழந்தையை அதன் அண்ணனோடு ஒப்பிடுவது அந்த ஆட்டத்தையே வெறுக்கச் செய்துவிடும்.

தோல்வியை முதலில் சந்திக்கப் பரமபதமே ஏற்ற இடம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பதற்காக வீட்டில் எல்லோரும் சுற்றி அமர்ந்து ஆடிய அந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமே இல்லை. பாட்டியும் பேரனும் அங்கே சமம். பாம்பு கடிப்பது எவருடைய குற்றமும் அல்ல. பெரியவர் தன் காயைப் பாம்பு விழுங்கும்போது, "அடடா, இவ்வளவு தூரம் ஏறி வந்தேனே, எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, சரி, மறுபடியும் ஏறுகிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால், ஏமாற்றத்தைத் தாங்கும் விதத்தைக் குழந்தை கண்ணெதிரே காண்கிறது. "அழாதே" என்று பத்து முறை சொல்வதைக் காட்டிலும் அதற்குப் பயன் அதிகம்.

5 வயதுக் குழந்தை பகடையை மெதுவாகத் திருப்பி ஆறு என்று வைப்பதும், பாம்பின் தலையைத் தாண்டி ஒரு கட்டம் கூடுதலாகப் போவதும் உண்டு. இதைப் பொய், ஏமாற்று என்று கண்டித்து ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, கோலி ஆடும் குழந்தைகளைக் கவனித்து 1932-இல் எழுதியபோது, மிகச் சிறிய குழந்தைகள் ஒன்றாக அமர்ந்தாலும் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில்தான் ஆடுகிறார்கள் என்று காட்டினார். விதி என்பது எல்லோரையும் கட்டுப்படுத்தும் உடன்பாடு என்ற எண்ணம் மெல்லத்தான் வருகிறது. "ஆறு வேண்டும் என்று ஆசையாக இருக்கிறதா? இப்போது விழுந்தது இரண்டு, இரண்டு கட்டம் போவோம்" என்று அமைதியாகச் சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம்.

ஆடு புலி ஆட்டத்தை 7 வயதுக்கு முன்னால் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சூழ்ந்து அடைக்கும். இருதரப்புக்கும் நோக்கமே வேறு என்பதால், எதிராளி என்ன நினைக்கிறார் என்று கணிக்கும் திறன் ஓரளவு வந்த பிறகே இது சுவைக்கும். இங்கே பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: "அங்கே வைக்காதே, வெட்டுப்படும்" என்று ஒவ்வோர் ஆட்டுக்கும் குறுக்கிடுவது. வேண்டுமானால், "இந்தப் புலி இப்போது எங்கெல்லாம் தாண்ட முடியும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டால் படட்டும். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறி, குழந்தைக்குப் புலியைக் கொடுங்கள்.

கைபேசியில் ஆடும் பல்லாங்குழியையும் தாயத்தையும் பலகைக்கு ஈடாகக் கருத வேண்டாம். அங்கே முத்துகளை எண்ணுவதும் காயை நகர்த்துவதும் செயலியின் வேலையாகிவிடுகின்றன. அதேபோல, ஆட்டத்தின் நடுவே "இதில் மொத்தம் எத்தனை, இங்கிலீஷில் சொல்லு" என்று தேர்வு நடத்துவதும் வேண்டாம். 4 வயதுக் குழந்தைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் போதும். அது எழுந்து ஓடுவதற்கு முன் நீங்களே நிறுத்திவிட்டால், மறுநாள் பலகையைத் தானே தூக்கிக்கொண்டு வரும். பல்லாங்குழி பெண்பிள்ளைகளுக்கு, சதுரங்கம் ஆண்பிள்ளைகளுக்கு என்று பிரிப்பதும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. விரல் பழக்கமும் எண்ணறிவும் இரு பாலருக்கும் தேவை.

கடைசியாக, "இதுதான் சரியான விதி" என்று அடம்பிடிப்பது. இந்த ஆட்டங்கள் அச்சிட்ட விதிப்புத்தகத்தோடு வந்தவை அல்ல. அம்மா வழிப் பாட்டி குழிக்கு 5 முத்து வைத்திருப்பார். அப்பா வழிப் பாட்டி 6 வைத்திருப்பார். வெறுங்குழிக்கு அடுத்து எவ்வளவு எடுக்கலாம் என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கு மாறும். இதைப் பற்றிக் குழந்தையின் முன் பெரியவர்கள் சண்டையிடாமல், 6, 7 வயது ஆனதும் அந்தப் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். பேத்தி ஆட்டம் தொடங்குமுன் பாட்டியின் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, "குழிக்கு ஐந்தா ஆறா? நான்கு சேர்ந்தால் பசு உண்டா? வெறுங்குழி வந்தால் என்ன செய்வது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகு முத்துப் பையை அவிழ்க்கட்டும்.